டோசரா, பெக்கோவா?

பெண்களுக்கு வாழ்வாதார உதவி என்றால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது தையல் மெஷின், அடுத்தது கோழிக்குஞ்சு. சமூகவியல் படித்துவிட்டு கிராமங்களில் வேலை செய்யும் நானும் அப்படித்தான் பழகியிருந்தேன். அதனால், சம்பூரில் கணவரை இழந்த ஓர் அக்கா, "பிள்ளை, நான் ஒரு டோசர் வாங்கப் போறன். பார்க்க வாறீங்களா?" என்று கேட்டபோது திகைத்துப் போனேன்.

அவருடைய எண்ணத்தில் நியாயம் இருந்தது. 2006 ஏப்ரலில் சம்பூர் மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். 2015 இல் 818 ஏக்கர் காணியும், 2016 மார்ச்சில் கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கரும் விடுவிக்கப்பட்ட பிறகே திரும்பி வந்தார்கள். வந்தவர்களில் பலருக்கு வீடு இருந்த இடமே தெரியவில்லை. எல்லாம் தரைமட்டம், பற்றைக்காடு. அப்போது வளவைத் துப்புரவாக்க மணித்தியாலக் கணக்கில் டோசருக்குக் காசு கொடுத்தவர்களில் அக்காவும் ஒருவர். மகன் இயந்திரம் ஓட்டப் பழகியவன்.

"எங்கட வீட்டைத் தள்ளினதும் இப்படி ஒண்டுதான். இனி அது எனக்கு உழைக்கட்டும்" என்றார்.

ஆனால் பணத்துக்காகக் காணி உறுதியை ஈடு வைக்கப் போவதாகச் சொன்னதும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. பத்து வருடம் காத்திருந்து கிடைத்த காணி!

வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. "மூன்று மாதம் பொறுங்கள் அக்கா. ஊரில் யார், என்ன மெஷினை, எத்தனை மணித்தியாலம் பிடிக்கிறார்கள் என்று கொப்பியில் எழுதுவோம்" என்றேன்.

கொப்பி உண்மையைச் சொன்னது. காடு தள்ளும் வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. இப்போது தேவைப்படுவது அத்திவாரம் வெட்ட, மலசலகூடக் குழி தோண்ட, வாய்க்கால் திருத்த, மண் ஏற்ற. டோசர் மண்ணைத் தள்ளும், மட்டமாக்கும், குழி தோண்டாது. சங்கிலிச் சக்கரத்தோடு தார் வீதியில் ஓட்டவும் முடியாது. ஒவ்வொரு வேலைக்கும் பெரிய லொறியில் ஏற்ற வேண்டும். பெக்கோவோ டயரில் தானே போகும். முன்னால் அள்ளும், பின்னால் தோண்டும். மாரியில் இரண்டுக்கும் வேலை குறைவு. கடன் தவணை மட்டும் மாரி பார்ப்பதில்லை.

பிறகு, தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு பழைய இயந்திரங்கள் பார்க்கப் போனோம். அவர் சொல்லித் தந்தவை இவை: நாம் போகுமுன்பே என்ஜின் சூடாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. மணித்தியால மீற்றரை மாற்றி வைக்கலாம்; தேய்ந்த பெடலும் கிழிந்த சீற்றும் உண்மை சொல்லும். டோசரின் பல்லுச் சக்கரம் கூராகியிருந்தால் செலவு நிச்சயம். திருத்தச் செலவில் பாதிவரை அடிப்பாகமே விழுங்கிவிடும்.

புதுப் பெயின்ற் அடித்த மலிவான டோசர் ஒன்று நின்றது. அக்கா குனிந்து பல்லைத் தடவிப் பார்த்தார். "கத்தி மாதிரி இருக்கு பிள்ளை" என்று எழும்பிவிட்டார்.

கடைசியில், வெளிநாட்டிலுள்ள தம்பியைப் பங்காளியாகச் சேர்த்து, பழைய பெக்கோ ஒன்று வாங்கினார். இரண்டாம் மாதமே ஹைட்ரோலிக் குழாய் வெடித்து ஒரு கிழமை உழைப்பு நின்றது. ஆறுதல் சொல்லப் போனேன். "காணி கையில இருக்குத்தானே, நித்திரை வந்தது" என்றார்.

சகோதரிகளே, பெரிய இயந்திரம் வாங்க நாங்கள் பயப்படத் தேவையில்லை. முதலில் கொப்பியில் மணித்தியாலத்தை எண்ணுங்கள். காணி உறுதியைப் பெட்டியிலேயே வையுங்கள். நானும் ஒன்று கற்றுக்கொண்டேன். இப்போதெல்லாம் வாழ்வாதாரப் படிவத்தில் தையல் மெஷின் என்று எழுதுமுன், "உங்களுக்கு என்ன தொழில் செய்ய விருப்பம்?" என்று கேட்கிறேன்.