முதலில் வாசி, பிறகு தொடு

கணினி ஒழுங்காக ஓடும்வரை எல்லோரும் கெட்டிக்காரர்கள்தாம். அது நிற்கும்போதுதான் யார் நிதானமானவர், யார் பதறுகிறவர் என்பது தெரியவரும். தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் அடித்துக் கொடுக்கும் டி.டி.பி. வேலைக்காக நான் கணினியின் முன் உட்கார்ந்தேன். அன்று முதல் இன்றுவரை தெருவில் யார் வீட்டு சிஸ்டம் மக்கர் செய்தாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள், நானும் போகிறேன். இத்தனை காலம் பார்த்ததில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். இயந்திரம் கெட்டதால் இழந்தவர்களைவிட, அதைச் சரிசெய்கிறேன் என்று அவசரப்பட்டு இழந்தவர்களே அதிகம். பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சொன்னது இந்தப் பெட்டிக்கும் பொருந்தும்.

எதிர்வீட்டுப் பெண் பிளஸ் டூ முடித்த ஆண்டில் நடந்ததைச் சொல்கிறேன். பொறியியல் கலந்தாய்வுக்கு சாய்ஸ் ஃபில்லிங் முடிக்க மறுநாளே கடைசி. இருட்டும் நேரத்தில் ஓடி வந்தாள். "நெட் வருது தாத்தா, ஆனா எந்த சைட்டும் திறக்க மாட்டேங்குது." போய்ப் பார்த்தேன். அதற்குள் அவளுடைய அண்ணன் மோடத்தை ரீசெட் செய்திருந்தான், பிரவுசரின் அமைப்புகளை எல்லாம் அழித்திருந்தான், ஆன்டிவைரஸையும் கழற்றிவிட்டிருந்தான். அடுத்ததாக விண்டோஸையே புதிதாகப் போட்டுவிடலாம் என்று நண்பனிடம் வாங்கிய பென்டிரைவோடு தயாராக நின்றான். திரையில் ஆங்கிலத்தில் நாலைந்து வரி இருந்தது. எச்சரிக்கைப் படத்தைக் கண்டதுமே சன்னலை மூடுவதும் திறப்பதுமாக இருந்திருக்கிறார்களே தவிர, அந்த வரிகளை யாரும் வாசிக்கவில்லை. முதல் வரியே ‘உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது’ என்றது. அடியில் சாம்பல் நிறத்தில் இருந்த பிழைக்குறியின் கடைசிச் சொற்கள் ‘டேட் இன்வேலிட்’. வலது கீழ் மூலையைக் காட்டினேன். கணினி பல ஆண்டு பின்னால் போய், ஒரு ஜனவரி முதல் தேதியில் உட்கார்ந்திருந்தது.

பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் பிரவுசரிடம் ஒரு சான்றிதழை நீட்டுகிறது. இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். பிரவுசர் அதை நம் கணினியின் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். கடிகாரம் பின்னால் இருந்தால், செல்லத் தொடங்காத சான்றிதழ் என்று முடிவு செய்து தடுத்துவிடும். தேதியைத் திருத்தியதும் தளம் திறந்தது; பெண் விருப்பப் பட்டியலை நிரப்பத் தொடங்கினாள். ஆனால் காரணம் இன்னும் உள்ளே இருந்தது. மதர்போர்டில் வட்டமான ஒரு பட்டன் பேட்டரி உண்டு. அதன் பெயர் சிஆர் 2032. விட்டம் 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர், மின்னழுத்தம் 3 வோல்ட். சுவிட்சை அணைத்த பிறகும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். சில ஆண்டுகளில் அது தீர்ந்துவிடும். இரவில் சுவிட்ச் போர்டிலேயே அணைத்துவிடும் வீடுகளில், காலையில் தேதி பழையபடி பின்னால் போய்விடும். கைக்கடிகாரக் கடையிலேயே அந்த பேட்டரி கிடைக்கும். மறுநாள் மாற்றிக் கொடுத்தேன்.

அந்தப் பெண்ணின் அண்ணன் அறிவாளி. என்னைவிட வேகமாகத் தட்டச்சு செய்வான், எனக்குத் தெரியாத மென்பொருள்கள் அவனுக்குத் தெரியும். அவனிடம் இல்லாதது ஒரு நிமிடப் பொறுமை. அவன் தொட்ட எதிலும் பழுது இல்லை. விண்டோஸைப் புதிதாகப் போட்டிருந்தால் அப்பாவின் கணக்குக் கோப்புகளும் வீட்டுப் புகைப்படங்களும் போயிருக்கும். பேட்டரி அப்படியே இருந்திருக்கும். அதனால் நீங்கள் இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பிழைச் செய்தி வந்தால் மூடும் முன் கைபேசியில் ஒரு படம் எடுங்கள். அதிலுள்ள சொற்களையும் எண்ணையும் ஓர் எழுத்து மாறாமல் தேடுபொறியில் இடுங்கள். தீர்வு என்று நாலு வழி கிடைத்தால் ஒன்றை மட்டும் செய்து பாருங்கள். சரியாகவில்லையென்றால் அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மூன்றை ஒன்றாக மாற்றுகிறவனுக்குச் சரியானாலும் எதனால் ஆனது என்று தெரியாது, கெட்டாலும் எதனால் கெட்டது என்று தெரியாது. செய்தவற்றை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். அடுத்த முறை அதே பழுது வரும்போது அந்த நோட்டு பேசும்.

திரையே வராமல் பீப் பீப் என்று கத்தும் பழைய கணினிகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மதர்போர்டு போய்விட்டது என்று மனம் உடைந்து உட்கார்ந்திருப்பார்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் இரும்பைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிய பிறகு, ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறத் தடங்களை அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, இருபக்கக் கொக்கியும் ‘டிக்’ என்று விழும்படி மறுபடி பொருத்தினால் பாதி நேரம் உயிர் வந்துவிடும். தூசும் ஈரக்காற்றும் படிந்து தொடர்பு விட்டிருக்கும், அவ்வளவுதான்.

ரீஸ்டார்ட் செய்தாயா என்று கேட்டால் இளையவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. அந்தக் கேள்விக்கு நல்ல காரணம் உண்டு. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், ‘ஷட் டவுன்’ கொடுத்தால் கணினி முழுதாக அணைவதில்லை. அடுத்த முறை வேகமாக எழ வேண்டும் என்பதற்காக, இயங்குதளத்தின் உட்பகுதி அன்றிருந்த நிலையிலேயே வட்டில் எழுதி வைக்கப்படுகிறது. கோளாறும் அதோடு சேர்ந்து உறங்கி, அதோடு சேர்ந்து விழிக்கும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். "தினமும் ஆஃப் பண்றோம் அண்ணே, அப்படியும் சரியாகல" என்று சொல்கிறவர்களின் கணினி ஒரே ஒரு ரீஸ்டார்ட்டில் தெளிந்துவிடுவது இதனால்தான்.

இனி, கண்ணீரோடு வந்தவர்களைப் பற்றிப் பேச வேண்டும். பென்டிரைவிலுள்ள ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டுகளாக மாறிவிடும் வைரஸ் ஒரு காலத்தில் ஜெராக்ஸ் கடைதோறும் பரவியது. இன்றும் ஒழிந்துவிடவில்லை. கல்லூரி மாணவி ஒருத்தி இறுதியாண்டு புராஜெக்டை அதில் வைத்திருந்தாள். கடைக்காரர் ஃபார்மட் செய்யச் சொல்லிவிட்டார் என்று அழுதுகொண்டே வந்தாள். நல்லவேளை, செய்யவில்லை. அந்த வைரஸ் கோப்புகளை அழிப்பதில்லை. அவற்றை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை முன்னால் நிறுத்துகிறது. அதைச் சொடுக்கினால் வைரஸ் அந்தக் கணினிக்கும் ஏறும். எனவே எதையும் சொடுக்காமல், மறைந்த கோப்புகளையும் பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளையும் காட்டும்படி விண்டோஸில் அமைப்பை மாற்றினோம். அவளுடைய ஃபோல்டர் மங்கலான நிறத்தில் அங்கேயே இருந்தது. கோப்புகளை வேறிடத்துக்கு நகலெடுத்து, ஆன்டிவைரஸால் சோதித்த பிறகுதான் பென்டிரைவை ஃபார்மட் செய்தோம். எந்த மருத்துவமும் தொடங்கும் முன் நகல். இந்த வரிசை மாறவே கூடாது.

தெரியாமல் அழித்த கோப்புக்கும் இதே நிதானம் உதவும். சுழலும் ஹார்டு டிஸ்க்கில் ஒரு கோப்பை அழிப்பது, வீட்டை இடிக்காமல் வாசலிலுள்ள பெயர்ப்பலகையை மட்டும் கழற்றுவதற்குச் சமம். புதிதாக எதையும் எழுதாதவரை உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். ஆகவே அழிந்தது தெரிந்த கணமே அந்த வட்டில் வேலை செய்வதை நிறுத்துங்கள். மீட்கும் மென்பொருளையே அதே வட்டில் நிறுவி, மீட்க வேண்டியதன்மேல் எழுதிவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். எஸ்.எஸ்.டி.யில் இந்த வாய்ப்பு மிகக் குறைவு. அழித்த இடத்தை அது தானாகவே சுத்தம் செய்துவிடுவதால், நகல் இல்லையென்றால் பெரும்பாலும் இல்லைதான்.

நகல் என்றால் எப்படிப்பட்ட நகல்? 1998இல் அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ படம் உருவாகிக்கொண்டிருந்தபோது, யாரோ தவறாகக் கொடுத்த ஓர் அழிப்புக் கட்டளையால் கதாபாத்திரங்களின் கோப்புகள் ஒவ்வொன்றாக மறைந்தன. பேக்கப் இருக்கிறதே என்று நம்பிப் போனார்கள். அது சரியாக வேலை செய்யாமலே இருந்திருக்கிறது, யாரும் சோதிக்கவில்லை. படத்தைக் காப்பாற்றியது கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டிலிருந்த கணினி. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்த்த அவர், படத்தின் நகலைத் தன்னிடம் வைத்திருந்தார். அதைப் போர்வையில் சுற்றிக் காரில் கொண்டுவந்தார்கள். உலகத்தின் பெரிய கலைஞர்களும் பொறியாளர்களும் கூடியிருந்த இடத்திலேயே இது நடந்தது. நம் வீட்டில் நடக்காது என்று எண்ண நாம் யார்? எதை இழந்தால் மனம் ஆறாதோ, அது மூன்று இடத்தில் இருக்கட்டும்: கணினியில் ஒன்று, தனி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே அல்லது கிளவுடில் ஒன்று. அந்த ஹார்டு டிஸ்க்கை எப்போதும் கணினியில் செருகியே வைக்காதீர்கள்; மின்னல் இறங்கினாலும் வைரஸ் புகுந்தாலும் இரண்டும் சேர்ந்து போகும். மாதத்தில் ஒருநாள் அதிலிருந்து ஏதாவது ஒரு படத்தைத் திறந்து பாருங்கள்.

அப்டேட் தொந்தரவு என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கு ஒரு செய்தி போதும். 2017 மே 12 அன்று வானாகிரை என்ற பணயத் தீநிரல் உலகெங்கும் பரவி, பிரிட்டனின் மருத்துவமனைகளைக்கூட முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. ஏறக்குறைய இரண்டு மாத அவகாசம் இருந்தது.

இன்னொன்றை உங்களைவிட உங்கள் பெற்றோருக்காகச் சொல்கிறேன். திடீரென்று திரை முழுவதும் சிவந்து, சைரன் ஒலித்து, உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள் என்று வரும். உண்மையான ஆன்டிவைரஸ் எதுவும் அப்படி ஃபோன் நம்பர் தந்து மிரட்டாது. அது வெறும் இணையப்பக்கம். எஸ்கேப் விசையைச் சற்று அழுத்திப் பிடியுங்கள். முழுத்திரையிலிருந்து அது வெளியே வரும். இல்லையென்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடித்துவிடுங்கள். அழைத்துவிட்டு, சொன்ன மென்பொருளையும் இறக்கி, பணமும் போய்விட்டதா? வெட்கப்பட்டு மறைக்காமல் முதலில் நெட்டைத் துண்டியுங்கள், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியிலேயே நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். வீட்டில் பெரியவர்கள் இப்படி ஏமாந்து வந்து நின்றால் கோபப்படாதீர்கள். திட்டுக்குப் பயந்தே பலர் மணிக்கணக்கில் மறைத்துவிடுகிறார்கள்.

கடைசியாக, என் மனத்துக்கு மிக நெருக்கமான ஒன்று. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தம் ஊர் வரலாற்றைத் தொண்ணூறுகளின் இறுதியில் தட்டச்சு செய்து வைத்திருந்தார். 1.44 எம்.பி. ஃபிளாப்பிகள், ஒரு பழைய சி.டி. பேரன் திறந்து பார்த்தபோது பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். கோப்பு கரப்ட் ஆகிவிட்டது, தூக்கிப் போட்டுவிடலாம் என்றிருக்கிறான். ஆசிரியர் என்னிடம் கொண்டுவந்தார். கோப்பில் ஒரு குறையும் இல்லை. யூனிகோடு பரவும் முன்பு தமிழ் எழுத்துருக்களுக்குப் பல்வேறு குறியீட்டு முறைகள் இருந்தன. பாமினி என்ற எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால் கணினி உள்ளே சேமிப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதுதான் தெரியும். வேர்டில் வரிகளைத் தேர்ந்தெடுத்து எழுத்துருப் பெட்டியைப் பாருங்கள். நிறுவப்படாவிட்டாலும் பெயர் அங்கே இருக்கும். அதைத் தெரிந்துகொண்டு, என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற ஒரு மாற்றியில் அதே குறியீட்டைத் தேர்ந்தெடுத்தால் யூனிகோடு தமிழ் கிடைக்கும்.

மாற்றியதோடு வேலை முடிவதில்லை. இடையிலுள்ள ஆங்கிலச் சொற்களும் தமிழாக மாறிக் குழம்பியிருக்கும். அவற்றைத் தனியாகத் திருத்த வேண்டும். அந்நாளில் ‘ர்’ என்பதற்குப் பதில் துணைக்காலும் புள்ளியும் அடிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு; திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரிந்தன. மாற்றிய பிறகு ‘அவர்’ என்பது ‘அவா்’ என்று நிற்கும். ஆசிரியரும் பேரனுமாக வரிவரியாக ஒப்பிட்டுத் திருத்தினார்கள்; ஒரு மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. உங்கள் வீட்டு அலமாரியிலும் தாத்தாவின் சி.டி. ஏதாவது கிடக்கலாம். யூ.எஸ்.பி. ஃபிளாப்பி டிரைவும் சி.டி. டிரைவும் இன்னும் விலைக்குக் கிடைக்கின்றன. கிடைக்கும்போதே படித்து எடுத்துவிடுங்கள். மாற்றிய கோப்பைத் தனிப் பெயரில் சேமியுங்கள். மூலக் கோப்பை, எழுத்துருவோடு சேர்த்து, அப்படியே வைத்திருங்கள்.