பிணம் தொட்ட கையைப் பற்றும் காதல்

2024 ஏப்ரலில் சீனாவில் ஒரு காதல் தொடர் வெளிவந்தது. ஆங்கிலத்தில் அதன் பெயர் 'வில் லவ் இன் ஸ்பிரிங்'. சிசிடிவி-8 அலைவரிசையிலும் டென்சென்ட் வீடியோ தளத்திலும் ஓடியது. இணைய நாவல் ஒன்றின் தழுவல். மொத்தம் 21 பகுதிகள். நாயகியாக சோ யூதொங், நாயகனாக லி சியான். இதுவரைக்கும் எல்லாக் காதல் தொடர்களையும் போலத்தான். ஆனால் நாயகன் செய்யும் வேலை என்ன தெரியுமா? பிணத்துக்கு ஒப்பனை செய்வது.

இந்த ஒரு சேதிதான் எங்களை அந்தத் தொடரின் முன்னால் உட்கார வைத்தது. எங்கள் பாட்டன்மார் குழி வெட்டியவர்கள். இழவு சொல்ல ஊர் ஊராக நடந்தவர்கள். பாடைக்கு முன்னால் பறையடித்துப் போனவர்கள். சாவு வேலை செய்கிற ஒருவனை நாயகனாக்கி, அவனை ஒருத்தி காதலிப்பதாக அரசுத் தொலைக்காட்சியிலேயே காட்டுகிறார்கள் என்றால், எப்படிக் காட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டாமா? திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லி, இரவுக்கு இரண்டு பகுதியாகப் பார்த்து முடித்தோம்.

கதை பெரிய கதை இல்லை. சுவாங் ஜியே ஷாங்காயில் மருத்துவக் கருவி விற்கும் வேலையில் இருப்பவள். விபத்தில் ஒரு காலின் கீழ்ப்பகுதியை இழந்து, செயற்கைக் காலோடு நடப்பவள். வாய் ஓயாதவள், மேலே வர வேண்டும் என்ற வேகம் கொண்டவள். சொந்த ஊருக்கு வந்த இடத்தில் பள்ளிக் காலத்தில் அறிந்திருந்த சென் மைதொங்கை மறுபடி சந்திக்கிறாள். அவன் அந்தச் சிற்றூரை விட்டுப் போக விரும்பாதவன். வயதான பாட்டியைப் பார்த்துக்கொள்கிறவன். அளந்து பேசுகிறவன். இவள் நகரத்துக்குத் திரும்பியே ஆக வேண்டியவள். அவன் ஊரிலேயே இருக்கப் போகிறவன். இந்தக் காதலுக்கு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும். தெரிந்தேதான் நெருங்குகிறார்கள். அதுவும் அவசரமில்லாமல், பகுதி பகுதியாக.

எதிரெதிர் குணங்கள் ஈர்க்கும் என்ற பழைய வாய்பாடுதான் இது என்று சொல்லிவிடலாம். நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. குணத்தில்தான் இவர்கள் எதிரெதிர். உள்ளே இருவருக்கும் ஒரே வலி. அவளுடைய காலை மற்றவர்கள் உற்றுப் பார்க்கிறார்கள். அவனுடைய கையிலிருந்து மற்றவர்கள் விலகிக்கொள்கிறார்கள். ஒருத்திக்குப் பார்வையால் காயம். ஒருவனுக்கு விலகலால் காயம். அவன் அவள் காலைப் பரிதாபமாகப் பார்ப்பதில்லை. சிதைந்த உடலோடு பழகியவனுக்கு உடல் என்பது அருவருப்புக்கு உரியதல்ல. அவள் அவன் கையைக் கண்டு கூசுவதில்லை. தன் உடம்பைக் கண்டு பிறர் கூசுவதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவளுக்கு, அந்தக் கூச்சத்தின் கேவலம் தெரியும். இந்தத் தொடரில் மருந்து என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால், அது இந்தக் கூசாமைதான்.

சீனாவில் சாவு வேலை செய்பவர்கள் மீது விலக்கு இன்றும் இருக்கிறது. ஈமச்சடங்கு இல்லங்களில் வேலை பார்ப்பவர்கள் தாமாக முன்வந்து கை குலுக்குவதில்லை. 'மறுபடி பார்க்கலாம்' என்ற பொருள்படும் சீன விடைச்சொல்லை, வருகிற குடும்பத்தாரிடம் சொல்வதில்லை. அந்த இடத்தில் மறுபடி பார்ப்பதை யார்தான் விரும்புவார்கள்? திருமண வீடுகளுக்கும் புத்தாண்டு விருந்துகளுக்கும் போகத் தயங்குகிறவர்கள் அவர்களில் நிறைய. பெண் பார்க்கும் இடத்தில் வேலையைச் சொன்னதுமே பேச்சு நின்றுபோவதும் உண்டு. 'சாவு' என்ற சொல்லின் ஓசையை ஒத்திருக்கிறது என்பதற்காக நான்கு என்ற எண்ணையே பலர் ஒதுக்குகிற நாட்டில், சாவோடு நாள் முழுக்க இருப்பவரை ஒதுக்குவதில் வியப்பில்லை.

இந்த விலக்குக்கு அங்கேயும் ஒரு பிறப்புக் கணக்கு இருந்தது. பேரரசர் காலத்துச் சீனாவில் 'இழிமக்கள்' என்று சட்டமே ஒரு பிரிவை வைத்திருந்தது. பிணப் பரிசோதனை செய்யும் உதவியாட்கள் அதில் உண்டு. செச்சியாங் மாகாணத்தில் 'துவோமின்' என்றொரு மக்கள் இருந்தார்கள். கல்யாண வீட்டிலும் இழவு வீட்டிலும் வாசிப்பதும் ஏவல் செய்வதும் அவர்கள் வேலை. அரசுத் தேர்வு எழுத முடியாது. மற்றவர்களோடு மணவுறவு கிடையாது. கேட்கும்போதே நமக்கு அடையாளம் தெரிகிறதல்லவா? 1723இல் யொங்செங் பேரரசர் ஆணை போட்டு அந்த இழிநிலையைச் சட்டத்திலிருந்து நீக்கினார். ஆனால் வழக்கம் போகவில்லை. அந்த மாகாணத்தின் ஷாவ்சிங் நகரில் பிறந்த லூ சுன் 1933இல் இவர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆணை வந்து 210 ஆண்டுகள் கழித்தும் எழுத வேண்டியிருந்தது. இனி நாமெல்லாம் சமம், நீங்கள் ஏவலுக்கு வர வேண்டாம் என்று தன் தாய் சொன்னபோது, வழக்கமாக வரும் ஒரு துவோமின் பெண் கோபப்பட்டதை அதில் அவர் பதிவு செய்கிறார். வழக்கம் ஒரு மனிதரின் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டால், அதை வெளியேற்ற ஆணை மட்டும் போதாது.

பிறகு அங்கே என்ன நடந்தது? 1956 ஏப்ரலில் மாவோவும் மற்றத் தலைவர்களும், தங்கள் உடலை எரிக்க வேண்டும் என்ற முன்மொழிவில் கையெழுத்திட்டார்கள். கையெழுத்திட்ட மாவோவின் உடல் எரிக்கப்படாமல் பெய்ஜிங்கில் பாதுகாக்கப்படுகிறது என்பது தனிக்கதை. அதன்பின் எரியூட்டலும் ஈமச்சடங்கு இல்லங்களும் மெல்ல மெல்ல அரசுத் துறையின் கீழ் வந்தன. 1995இல் சாங்ஷா நகரத்துத் தொழிற்கல்லூரி ஒன்றில் இதற்கென்றே தனிப் படிப்பு தொடங்கியது. பிண ஒப்பனையாளர் என்பது இன்று அரசின் தொழில் பட்டியலில் பெயருள்ள வேலை. படித்து வரலாம், சம்பளம் வாங்கலாம், பிடிக்காவிட்டால் விட்டுப் போகலாம்.

சென் மைதொங் என்ற நாயகன் சாத்தியமானது இதனால்தான். அவன் கையுறையும் சீருடையும் அணிந்து நிற்கிறான். கருவிகளை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறான். முகத்தைத் துடைத்து, காயத்தை மூடி, நிறம் கொடுத்து, குடும்பத்தார் கடைசியாக ஒருமுறை பார்க்கத்தக்க முகமாக ஆக்கித் தருகிறான். அதை ஒரு கலையாகவே தொடர் காட்டுகிறது. 2008இல் வந்த ஜப்பானியப் படமான 'டிபார்ச்சர்ஸ்' இதே கண்ணியத்தைக் காட்டி, மறு ஆண்டு ஆஸ்கர் வாங்கியது. சாவு வேலையைக் கண்ணியமாகக் காட்ட முடியும் என்பதற்கு நம் கண்டத்திலேயே சான்றுகள் இருக்கின்றன. அந்தக் கண்ணியம் தானாக வானத்திலிருந்து விழவில்லை. பயிற்சியும் சம்பளமும் கையுறையும் விலகிப்போகும் உரிமையும் சேர்ந்து கொடுத்த கண்ணியம் அது.

எங்கள் பாட்டனுக்கு இவற்றில் எது இருந்தது? குழி வெட்டியதற்குக் கூலி என்று பேசி வாங்கியவர் யாரும் இல்லை. பிணத்தின் மேல் கிடந்த துணியும் நெற்றியில் வைத்த காசும் கொஞ்சம் நெல்லும். அவரவர் வீட்டில் மனம் வந்தால் கொடுத்தது. 'எனக்கு இந்த வேலை வேண்டாம்' என்று சொன்னவரை ஊர் விட்டதில்லை. எந்த மேட்டில் குழி வெட்டினாரோ அந்த மேட்டில் அவர் உடலுக்கு இடமில்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, சுடுகாட்டுக்குப் போகும் பாதை மறுக்கப்பட்டதால் பாலத்திலிருந்து கயிறு கட்டி ஓர் உடலை இறக்கினார்களே, அந்தக் காட்சியை மறந்துவிட முடியுமா?

சட்டம் நம்மிடமும் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்ட திருத்தம், பட்டியல் சாதியினரைப் பிணம் தூக்க வைப்பதும் குழி வெட்ட வைப்பதும் குற்றம் என்று தெளிவாகச் சொல்கிறது. யொங்செங் பேரரசரின் ஆணையைப் போல அதுவும் காகிதத்தில் பத்திரமாக இருக்கிறது. ஊர்ப் பெரியவர் வீட்டில் சாவு விழுந்தால் சேரிக்கு இன்னும் ஆள் வருகிறது. நகரத்து எரிவாயுத் தகன மேடைகளுக்குப் போனோம். எந்திரம் புதிது, கட்டடம் புதிது. உள்ளே நிற்கிறவர்கள் மட்டும் பழையபடி எங்கள் மக்கள்தான்.

அதனால்தான் இந்தத் தொடரைப் பார்க்கையில் எங்களுக்கு மகிழ்ச்சியும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. அங்கே காதலுக்கு நடுவே நிற்கும் தடை என்ன? அவள் ஷாங்காய், அவன் சிற்றூர். அவள் வேகம், அவன் நிதானம். இதைப் பேசித் தீர்க்கலாம். பேருந்து ஏறித் தீர்க்கலாம். பிறப்பால் வரும் ஏற்றத்தாழ்வு சீனாவில் ஒழிந்துவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. 1958இல் சட்டமாக்கப்பட்ட குடும்பப் பதிவு முறை, எங்கே எந்தக் குடும்பத்தில் பிறந்தாய் என்பதை வைத்தே ஒருவருக்கு நகரத்தின் பள்ளியும் மருத்துவமும் எவ்வளவு கிடைக்கும் என்று இன்றும் முடிவு செய்கிறது. இந்தக் காதல் கதை அதன் மேல் அழுத்தமாகக் கால் வைப்பதில்லை. ஊரும் அழகு, மழையும் அழகு, நாயகன் முகமோ அதைவிட அழகு. வலிக்க வேண்டிய இடத்திலும் ஒளியமைப்பு வந்து தடவிக் கொடுத்துவிடுகிறது. இது ஒரு குறைதான்.

ஆனாலும் அங்கே எதிரெதிர் என்றால் குணம். இங்கே எதிரெதிர் என்றால் ஊரும் சேரியும். இங்கே எதிரெதிர் ஈர்த்தால் என்ன ஆகும் என்பதற்குத் தருமபுரி இருக்கிறது. பட்டப்பகலில் பேருந்து நிலையத்தருகே வெட்டிய உடுமலைப்பேட்டை இருக்கிறது. எங்கள் பிள்ளைகளின் காதல் மெதுவாகக் கனிவதற்கு யார் நேரம் கொடுக்கிறார்கள்? தெரிந்த அன்றே ஓட வேண்டும். ஓடிய அன்றே பதிவு அலுவலகம், அடுத்த நாள் காவல் நிலையத்தில் பாதுகாப்பு மனு. ஒருவர் மனத்தை ஒருவர் அறிய 21 பகுதிகள் எடுத்துக்கொள்வது, உயிருக்கு ஆபத்தில்லாதவர்களின் வசதி. சாதி எங்களிடமிருந்து பறித்ததில் நிலமும் கல்வியும் மட்டும் இல்லை. நிதானமாகக் காதலிக்கும் காலமும் உண்டு.

காயத்தைக் காதல் ஆற்றும் என்று இந்தத் தொடர் சொல்வதை நாங்கள் மறுக்கவில்லை. ஆற்றும். ஆனால் அந்தக் காயத்துக்கு ஒரு கதவு இருக்க வேண்டும். சென் மைதொங் நாளைக்கே வேலையை விட்டால் அவன் கை மற்றவர் கையைப் போன்ற கை. விடாமல் இருப்பது அவன் விருப்பம். அந்த விருப்பத்தைத்தான் அவள் மதிக்கிறாள், நேசிக்கிறாள். நம்மூரில் குழி வெட்டுவதை விட்டு மூன்று தலைமுறை ஆன வீட்டிலும், பையன் பொறியியல் படித்து வந்தாலும், ஊர்க்காரர் கண்ணுக்கு அவன் இன்னும் 'வெட்டியான் பேரன்'. கதவே இல்லாத அறையில் காதல் மட்டும் தனியாக நின்று எதை ஆற்றும்?

எனவே எங்கள் கோரிக்கை காதலில் தொடங்கவில்லை, வேலையில் தொடங்குகிறது. சாவு வேலை எந்தச் சாதிக்கும் கடமை இல்லை. அது ஊருக்குத் தேவையான வேலை என்றால் ஊராட்சியும் நகராட்சியும் அதற்குப் பயிற்சி தரட்டும், மாதச் சம்பளம் தரட்டும், கையுறையும் காலணியும் தடுப்பூசியும் தரட்டும். எல்லாச் சாதியிலிருந்தும் ஆள் எடுக்கட்டும். வேண்டாம் என்பவரை விடட்டும். விரும்பிச் செய்பவருக்கு மரியாதை கொடுக்கட்டும். பொதுச் சுடுகாடு என்பது பலகையில் எழுதிய பெயராக இல்லாமல் உண்மையிலேயே பொதுவாக இருக்கட்டும்.

அதெல்லாம் நடந்தால், குழி வெட்டும் இளைஞன் ஒருவனையும் செயற்கைக் காலோடு ஊருக்குத் திரும்பும் பெண் ஒருத்தியையும் வைத்துத் தமிழிலும் ஒரு தொடர் எடுக்கலாம். அதில் யாரும் ஓட வேண்டியிருக்காது. அவர்கள் ஆற அமரச் சண்டை போடலாம், சமாதானமாகலாம், பிரியலாம், சேரலாம். அந்தத் தொடர் கொஞ்சம் இழுவையாகப் போனாலும் நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். உட்கார்ந்து முழுதும் பார்ப்போம்.