"கட்டம் மட்டும்தான் வருதுப்பா!"

"அப்பா, டைப் பண்ணினதெல்லாம் வருது. அம்மா கையெழுத்து மட்டும் வரல. வெறும் கட்டமாத்தான் இருக்கு."

புனேயில் இருந்து மகள் போனில் சொன்னதும், மயிலாடுதுறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவருக்குப் பகீரென்றது. அவர் திரையில் 43 படங்களும் பளிச்சென்று தெரிந்தன.

மனைவி காலமாகி ஒரு வருடம் ஆகப்போகிறது. அவர் விட்டுப்போன சமையல் நோட்டில் எண்ணெய்க் கறை படிந்த 43 பக்கங்கள். ஓரங்களில் நுணுக்கி எழுதிய குறிப்புகள். கூட்டுறவு சங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்ற கணவர், பேரனிடம் ஹெச்டிஎம்எல் கற்றுக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து, அதன் கீழே செய்முறையை டைப் செய்தார். எல்லாவற்றையும் ஒரே ஜிப் கோப்பாக்கி, நினைவு நாளன்று உறவினர்களுக்கு அனுப்ப ஆசை. முதலில் மகளுக்கு அனுப்பிப் பார்த்ததில்தான் இந்த ஏமாற்றம்.

"படத்தை வைக்க மறந்துட்டேனாம்மா?"

"இல்லப்பா, படமெல்லாம் ஜிப்புக்குள்ள பத்திரமா இருக்கு. ரசம் படம் எங்கே இருக்குன்னு பக்கத்துல எழுதியிருப்பீங்களே, அதைப் படிங்க."

படித்தார். சி டிரைவ், யூசர்ஸ், அவர் பெயர், டெஸ்க்டாப், சமையல், படங்கள், ரசம்.

"அது உங்க கம்ப்யூட்டரோட விலாசம்ப்பா. என் லேப்டாப்ல உங்க பேர்ல ஃபோல்டர் ஏது? வீடு மாத்தறப்போ அஞ்சறைப் பெட்டியையும் எடுத்துட்டுப் போறோம். கடுகு அஞ்சறைப் பெட்டியில இருக்குன்னு சொன்னா எந்த வீட்டிலும் கிடைக்கும். மயிலாடுதுறை வீட்டு மூணாவது தட்டுல இருக்குன்னு சொன்னா, புனேயில எங்கே போய்த் தேடறது?"

டிரைவில் தொடங்கும் முழு விலாசத்துக்கு அப்சல்யூட் பாத் என்று பெயர். இந்தப் பக்கம் இருக்கும் இடத்தில் இருந்து வழி சொல்வது ரிலேட்டிவ் பாத். 'படங்கள் ஃபோல்டருக்குள் ரசம்' என்று மட்டும் எழுதினால் போதும். மூட்டை எங்கே போனாலும் வழி கூடவே போகும்.

மகள் ஜாவாவில் புரோகிராம் எழுதுபவர். அங்கே புரோகிராமை அடைத்து அனுப்பும் ஜார் கோப்பும் ஜிப் வகைதான். "ஒரு கிளாஸ் மூலமா படத்தைத் தேடும்போது, பேருக்கு முன்னால சாய்கோடு போட்டா ஜாரோட உச்சியில இருந்து தேடும். போடலைன்னா அந்த கிளாஸ் இருக்கிற ஃபோல்டர்ல தேடும். ரெண்டுமே மூட்டைக்குள்ளதான். எங்களுக்கே சில நேரம் குழம்பிடும்ப்பா" என்று சமாதானம் சொன்னார்.

அவர் நோட்பேடைத் திறந்து, ரீப்ளேஸ் கொடுத்து, சி டிரைவ் முதல் சமையல் வரை நீக்கினார். "சரியாயிடுச்சான்னு எப்படித் தெரியும்? என்கிட்ட முன்னாடியும் தெரிஞ்சுதே?"

"டெஸ்க்டாப்ல இருக்கிற ஃபோல்டரோட பேரை மாத்துங்க. அப்புறம் ஜிப்பை வேற டிரைவ்ல முழுசாப் பிரிச்சுத் திறங்க. ஜிப்புக்குள்ள வெச்சே கிளிக் பண்ணாதீங்க. அப்போ விண்டோஸ் அந்த ஒரு பக்கத்தை மட்டும் வெளியில எடுக்கும், படம் வராது."

43 படங்களும் வந்தன. ஆனால் லினக்ஸ் லேப்டாப் வைத்திருக்கும் தங்கை மகனிடம் இரண்டு குறைந்தன. கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து; பக்கத்தில் சின்ன எழுத்து. விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் விடாது. எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தாக்கினார்.

மறுபடி அனுப்பிய அன்று இரவு மகளிடம் இருந்து போன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"என்னம்மா, இப்பவும் வரலையா?"

"வந்துடுச்சுப்பா. ரசம் பக்கத்துல ஓரமா அம்மா என்ன எழுதியிருக்காங்க, பார்த்தீங்களா?"

அவர் செய்முறையை மட்டும்தான் டைப் செய்திருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினார்.

'நுரை கட்டினதும் இறக்கணும். பாப்பா கொதிக்க விட்டுடுவா, சொல்லணும்.'

"ஒரு வருஷமா கொதிக்க விட்டுத்தான்ப்பா வெச்சுட்டிருக்கேன்" என்றார் மகள்.