நாணமும் நலமும்

தொழுகையின் நிபந்தனைகளுள் ஒன்றான 'சத்ருல் அவ்ரத்' என்னும் பாடத்தை ஆண்டுதோறும் மாணவியர்க்குக் கற்பித்து வருகிறேன். உடலில் எதை மறைப்பது, யார் முன்னே மறைப்பது, எத்தகைய துணி மறைக்கும் என்பனவெல்லாம் அதில் அடங்கும். என் ஐம்பத்து நான்காம் வயதில் அப்பாடம் புதியதொரு வடிவில் வீட்டு வாசலுக்கே வந்தது. ஸும்பா என்னும் நடன உடற்பயிற்சி வகுப்பிற்கு எதை உடுத்திச் செல்வது என்பதே அது.

ஆலிமாவுக்கு நடன வகுப்பில் என்ன வேலை என்று வாசகர்கள் வியக்கக்கூடும். இரத்தத்தில் ஏறிய சர்க்கரையே என்னை அங்கு அனுப்பியது. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் தெரிவித்தது. வளர்ந்தோர் வாரந்தோறும் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தெருவில் இறங்கி நடக்கவே கூசுகின்ற நம் பெண்களுக்கு அந்த 150 நிமிடம் எங்கே கிடைக்கும்? எங்கள் ஊர் மண்டபம் ஒன்றின் மாடியில் பெண்களுக்கென்றே வகுப்புத் தொடங்கியபோது, மருத்துவர் சொல்லை ஏற்று நானும் பெயர் கொடுத்தேன்.

கொலம்பியா நாட்டின் காலி நகரைச் சேர்ந்த ஆல்பர்ட்டோ பெரெஸ் என்பவர் 1990களில் வகுத்த பயிற்சி முறை இது. தாளத்திற்கேற்பக் கால் மாற்றி வைத்தல், திரும்புதல், கையுயர்த்தல், குதித்தல் ஆகியவை இதில் உண்டு. பாடல்களின் சொற்கள் எங்களுக்கு ஒவ்வா என்று தெரிவித்தோம். பயிற்சி தரும் இந்துச் சகோதரி, "அதற்கென்னம்மா, தாளத்தை மட்டும் வைத்துக்கொள்வோம்" என்று சொல்லிவிட்டார். எஞ்சி நின்றது உடைதான்.

என் மகள் இறுக்கமான காற்சட்டையும் அரைக்கைச் சட்டையும் வாங்கி வந்து, "உம்மா, எல்லாரும் பெண்கள்தானே, இது போதும்" என்றாள். அண்டை வீட்டுச் சகோதரியோ, "லாத்தா, புர்காவைக் கழற்றாமலே செய்துவிடுங்கள். நாலு பேர் ஒன்றும் சொல்ல முடியாது" என்றார். ஒருவர் சுகத்தை எண்ணினார், மற்றவர் ஊரை எண்ணினார். நான் கிதாபுகளைத் திறந்தேன்.

தமிழகத்தில் வழங்கும் ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளிலும், முஸ்லிம் பெண்கள் தமக்குள் கட்டாயம் மறைக்க வேண்டியது தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட பகுதியே. ஆனால் எங்களுக்குப் பயிற்சி தருபவர் பிற சமயத்தவர். சூரத்துந் நூரின் 31ஆம் வசனம், அழகை வெளிப்படுத்தத் தடையில்லாதவர்களை எண்ணும்போது 'நிஸாயிஹின்ன', அதாவது 'அவர்களுடைய பெண்கள்' என்கிறது. அந்த ஒரு சொல்லில்தான் இமாம்கள் பிரிகின்றனர். அது முஸ்லிம் பெண்களையே குறிக்கும் என்போர் ஒரு சாரார். எல்லாப் பெண்களையும் குறிக்கும் என்ற கருத்தை இமாம் ஃபக்ருத்தீன் ராஸீ தம் தஃப்ஸீரில் ஏற்கிறார். ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவீ 'மின்ஹாஜ்' நூலில் முந்தைய கருத்தையே வலுப்படுத்துகிறார். ஆயினும் வீட்டு வேலையின்போது இயல்பாக வெளித்தெரியும் முகம், கை, தலை போன்றவற்றுக்குப் பின்வந்த ஷாஃபிஈ அறிஞர்கள் இடம் தருகின்றனர். எனவே மகள் வாங்கி வந்த உடைக்கும் அண்டை வீட்டார் சொன்ன உடைக்கும் இடையே அகன்ற வெளியொன்றைச் சட்டமே விட்டு வைத்திருக்கிறது.

அவ்வெளியில் நின்று நான் தேர்ந்த உடையைச் சொல்கிறேன். முழங்காலுக்குக் கீழ் இறங்கும் தளர்ந்த மேலங்கி. காலை உயர்த்த இருபுறமும் திறப்பு. திறப்பில் உடல் தெரியாதபடி உள்ளே தளர்ந்த கால்சராய், பாதம் சிக்காதிருக்கக் கணுக்காலில் சுருக்கு. நிறம் கருநீலம். சருமத்தின் நிறம் தெரியாமல் மறைப்பதே மறைக்கும் துணிக்கு ஃபிக்ஹு கூறும் இலக்கணம். வெள்ளைப் பருத்தி வியர்வையில் நனைந்து உடலோடு ஒட்டினால் அவ்விலக்கணம் கெட்டுவிடும். பருத்தி வியர்வையை உறிஞ்சிக் கனக்கவும் செய்யும். விரைவில் உலரும் கலப்புத் துணி நல்லது. தலைக்கு ஊசி குத்தாத, அப்படியே மாட்டிக்கொள்ளும் மக்கனா. தோளில் தொங்கும் துப்பட்டா காலில் சிக்கி விழச்செய்யும். மார்பை உறுதியாகத் தாங்கும் உள்ளாடை அவசியம். இதைச் சொல்ல நாணி வலியைச் சுமக்கும் பெண்கள் பலர். காலணியிலும் கவனம் வேண்டும். ஓட்டத்திற்கென்று ஆழ்ந்த வரிப்பள்ளத்துடன் செய்த அடிப்பகுதி, திரும்பும்போது தரையைப் பற்றிக்கொள்ளும். பாதம் நிற்க முழங்கால் மட்டும் திருகும். வழுவழுப்பான, இலேசான அடிப்பகுதியே தக்கது.

கொலுசைக் கழற்றி வைத்தேன். மறைந்திருக்கும் அணி தெரியவரும்படி கால்களைத் தரையில் அடிக்க வேண்டாம் என்று அதே 31ஆம் வசனம் சொல்வது நினைவுக்கு வந்தது.

ஆனால் உடையால் மட்டும் தீராதது ஒன்று இருந்தது. கூடத்தின் கதவு கண்ணாடியால் ஆனது. கையில் கைப்பேசி இல்லாதவரும் இல்லை. நாங்கள் கேட்டுக்கொண்டபடி கதவுக்குத் திரை வந்தது. கைப்பேசிகள் வாசலில் ஒரு பெட்டிக்குள் அடங்கின. அதன்பின் உள்ளே நாங்கள் எதை உடுத்தியிருக்கிறோம் என்ற அச்சம் பாதி குறைந்தது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பயணமொன்றில் ஆயிஷா நாயகி (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் வைத்ததை நாம் அறிவோம். முதன்முறை வென்றவர் அன்னையார். உடல் பருத்தபின் நடந்த பந்தயத்தில் வென்றவர் அண்ணலார். உடன் வந்தோரை முன்னே போகச் சொல்லிவிட்டே அண்ணலார் அப்பந்தயத்தை வைத்தார்கள் என்பதும் அறிவிப்பில் உண்டு. மனைவியை ஓடாதே என்று தடுக்கவில்லை. ஓடுவதற்குரிய மறைவான இடத்தை உண்டாக்கித் தந்தார்கள். நம் ஜமாஅத்துகள் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இதுவன்றோ?

2025 ஜூன் மாதம் கேரளத்துப் பள்ளிகளில், போதைப்பொருள் எதிர்ப்புப் பணியின் பகுதியாக ஸும்பா கொண்டுவரப்பட்டது. ஆண் பெண் கலப்பையும் உடையையும் சுட்டி முஸ்லிம் அமைப்புகள் சில மறுத்தன. பிள்ளைகள் சீருடையிலேயே பயிற்சி செய்கின்றனர் என்று கல்வி அமைச்சர் விடையளித்தார். கலப்பு ஒரு கேள்வி, உடை இன்னொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாக முடிந்தால், விலக்க வேண்டியதோடு பயிற்சியும் சேர்ந்து போய்விடும்.

அவ்வாறு போனதை எங்கள் வகுப்பிலேயே கண்டேன். என்னைவிட இளையவர், என்னைவிடச் சர்க்கரை மிகுந்தவர் ஒருவர் மூன்று நாள் புர்காவுடனே பயிற்சி செய்தார். மூன்றாம் நாள் மூச்சுத் திணறித் தரையில் அமர்ந்தார். நான்காம் நாள் வரவில்லை. வீட்டிற்குச் சென்று கேட்டபோது, "ஆலிமா, உங்களை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். என் மாமியார் முன்னே அந்த உடையை நான் எப்படித் துவைத்துக் காயப்போடுவேன்?" என்றார். மாமியாரை அருகில் அழைத்து, என் பையிலிருந்த உடையை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். தடவிப் பார்த்தார். நீளத்தைத் தம் முழங்காலோடு வைத்து அளந்தார். "இது நம்ம பிள்ளைகள் போடுகிற சுரிதார்தானே!" என்றார். அடுத்த வாரம் மருமகள் வந்தார். அவருடைய மேலங்கியைத் தைத்துக் கொடுத்தவர் அந்த மாமியாரே.

'ரியாளா' என்ற அரபுச் சொல், முரட்டுக் குதிரையைப் பழக்குவதற்கும், உடற்பயிற்சிக்கும், நஃப்ஸைப் பண்படுத்துவதற்கும் ஒருங்கே வழங்குவது. மூன்றிலும் கட்டுப்பாடு உண்டு, அசைவும் உண்டு. உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம், நாணம் ஈமானின் கிளை. ஒன்றைக் காக்க மற்றொன்றைக் கைவிடும் நிலைக்கு நம் பெண்களைத் தள்ளாதிருப்பது குடும்பத்தார் பொறுப்பு. ஜமாஅத் மண்டபங்கள் திருமணமில்லா நாள்களில் பூட்டிக் கிடக்கின்றன. காலையில் ஒரு மணி நேரமும், கதவுக்கு ஒரு திரையும் கொடுத்தால் போதும், உடையை எங்கள் தாய்மார் தைத்துக்கொள்வர்.

உடலையும் நாணத்தையும் தந்த இறைவன், இரண்டையும் காக்கும் வழியை நமக்கு எளிதாக்குவானாக!