வேனுக்குள் ஓடும் போர்ட் வெல்ட் ரயில்

கோலா செப்பத்தாங்கில் மீ ஊடாங் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோதுதான் அந்த வெள்ளை வேனைப் பார்த்தேன். பின்கதவு திறந்திருந்தது. நான்கைந்து பிள்ளைகள் தலையை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தார்கள். பழம் விற்கிறார்களோ என்று எட்டிப் பார்த்தால், உள்ளே ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது!

வேனுக்குச் சொந்தக்காரர் தைப்பிங் பெரியவர் ஒருவர். தண்டவாளப் பராமரிப்பு வேலையில் இருந்து ஓய்வு பெற்று, பிறகு பள்ளி வேன் ஓட்டியவர். ரயில்வே குவாட்டர்ஸைக் காலி செய்து மகனின் அடுக்குமாடி வீட்டுக்குப் போனவருக்கு, மாதிரி ரயில் ஆசைக்கு இடமில்லை. "சீட்டைக் கழட்டின வேன் சும்மாதான் நின்னுச்சு தம்பி. இதுக்குள்ளயே ரோட்டைப் போட்டுட்டேன்" என்று சிரித்தார்.

அவர் போட்டிருப்பது சாதாரண ரோடு இல்லை. மலாயாவின் முதல் ரயில் பாதை. தைப்பிங் ஈயத்தைக் கப்பலேற்ற, போர்ட் வெல்ட் துறைமுகம் வரை போட்ட ஏறக்குறைய 13 கிலோமீட்டர் தடம். 1885 ஜூன் 1ஆம் தேதி திறக்கப்பட்டது. அந்தப் போர்ட் வெல்ட்தான் இன்றைய கோலா செப்பத்தாங். தண்டவாளம் எப்போதோ பெயர்க்கப்பட்டுவிட்டது. மிஞ்சியிருப்பவை டிக்கெட் கவுண்டரும் பெயர்ப்பலகையும்தான்.

மாதிரியின் அளவு 160இல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் முழுப் பாதையையும் போட்டால் 80 மீட்டர் வேண்டும்; வேனில் இருப்பதோ இரண்டே மீட்டர். அதனால் தைப்பிங் நிலையம், அலையாத்திக் காடு, துறைமுகம் என்று மூன்றே காட்சிகள். 60 சென்டிமீட்டர் அகலத்துக்குள் ரயில் வளைந்து, காட்டுக்குப் பின்னால் மறைந்து, மறுபடி தைப்பிங்குக்கு வந்துவிடுகிறது. மண்ணுக்குக் காயவைத்த தேத்தூள். ஆற்றுக்கு ரெசின். ரயிலுக்கு 12 வோல்ட் போதும் என்பதால், தனி கார் பேட்டரி ஒன்று காலடியில் இருக்கிறது.

ஓடும் வண்டியில் இதையெல்லாம் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. முதலில் பிளாஸ்டரில் செய்த மேடுகள் ரோட்டுக் குழிகளில் விரிசல் விட்டன. இப்போது எல்லாம் நுரை அட்டை. ரயிலும் பெட்டிகளும் பயணத்தின்போது பஞ்சு வைத்த டப்பாவுக்குள் போய்விடும். குலுங்கிக் கழன்ற தண்டவாள இணைப்புகளை ஈயப்பற்று வைத்து ஒட்டியிருக்கிறார். "ஈயத்துக்காகப் போட்ட ரோடு. நம்ம ரோடும் ஈயத்துலதான் நிக்குது!"

ஒரே ஓர் இணைப்பை மட்டும் ஒட்டவில்லை. வெயிலில் நிற்கும் வேன் அடுப்பாகிவிடும்; தண்டவாளம் நீள இடைவெளி வேண்டுமாம். ரயில் அதைத் தாண்டும்போதெல்லாம் மெல்லிய 'டிக்' சத்தம். வானொலிக்காரன் சும்மா இருப்பேனா? கைப்பேசியில் பதிவு செய்துகொண்டேன்.

ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன். "இங்க ரயில் வந்துச்சுன்னு பேரன்கிட்ட சொன்னேன். தாத்தா கத விடுறாருன்னு சிரிச்சான்."

அந்தப் பேரனுக்கு இப்போது 15 வயது. பெரியவரின் கை நடுங்குவதால் பற்றவைக்கும் வேலை முழுக்க அவனுடையது. பெரியவருக்குக் கண்ணும் மங்கி வருகிறது. இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்பது மகனின் கட்டளை. பேரனுக்கு லைசென்ஸ் எடுக்க 17 வயது ஆக வேண்டும். "இன்னும் ரெண்டு வருஷம். அதுவரைக்கும் இந்தக் கண்ணு ஓடிட்டா போதும்" என்றார்.

மழை தூறத் தொடங்கியது. தைப்பிங் பக்கத்து மழைக்கு முன்னறிவிப்பு ஏது? பேரன் ரயிலைத் துடைத்து டப்பாவில் வைத்தான். பெரியவர் பெல்ட்டை இழுத்துக் கட்டினார்.

தைப்பிங் போகிறவர்கள் ஏரித்தோட்டத்தோடு திரும்பிவிடாமல் கோலா செப்பத்தாங் வரை ஓர் எட்டு போய்வாருங்கள். போர்ட் வெல்ட் பலகையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அதில் தமிழும் இருக்கிறது. பக்கத்தில் வெள்ளை வேன் நின்றால், உங்களுக்கு அதிர்ஷ்டம்.