கையை மடியில் வைத்துக்கொள்ளும் வேலை

"டீச்சர், இவனுக்கு ஏ, பி, சி, டி எப்ப சொல்லிக் குடுப்பீங்க?"

கேட்கும் தாயின் இடுப்பில் இருக்கும் பையனுக்கு ஒன்றரை வயது. வீடு தேடி வரும் அங்கன்வாடிப் பணியாளருக்கு இது பழகிய கேள்வி. சத்துமாவு, எடை, அடுத்த தடுப்பூசித் தேதி என்று பேசி முடித்ததும் வந்துவிடும். அனுபவம் உள்ளவர் இதற்கு நேரடியாகப் பதில் சொல்ல மாட்டார். "மூடி போட்ட டப்பா ரெண்டு எடுத்துட்டு வாம்மா, பெருசு ஒண்ணு, சிறுசு ஒண்ணு" என்பார்.

பையன் தரையில் உட்கார்கிறான். சின்ன மூடியைப் பெரிய டப்பாவின் மேல் வைக்கிறான். மூடி உள்ளே விழுகிறது. கையை விட்டு எடுக்கிறான், மறுபடி வைக்கிறான், மறுபடி விழுகிறது. மூன்றாவது தடவை தாயின் கை தானாக நீளும். அந்த இடத்தில்தான் பணியாளரின் வேலை தொடங்குகிறது. "இரும்மா, அவனே பாக்கட்டும்." இதைச் சொல்லும்போது அவர் தன் கைகளையும் மடியிலேயே வைத்திருக்க வேண்டும். பயிற்சி வகுப்பில் கேட்க எளிதாக இருக்கும் இந்த விஷயம், குழந்தையின் எதிரில் உட்காரும்போது மிகக் கடினம்.

அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. பால்வாடி என்றால் பெரும்பாலோருக்கு நினைவில் வருவது மதிய உணவும் பாட்டும் பாயும்தான். மையத்துக்கு வருவதோ ஓரளவு வளர்ந்த பிள்ளைகள். கைக்குழந்தைகளுக்கும் தவழும் பிள்ளைகளுக்கும் வீடுதான் எல்லாம். பணியாளர் ஒரு வீட்டில் அரை மணி நேரம் இருந்தால் அதிகம். அந்த நேரத்துக்குள் குழந்தைக்கு எதையும் கற்றுத் தந்துவிட முடியாது. மிச்ச நேரமெல்லாம் கூடவே இருக்கும் அம்மாவுக்கோ ஆயாவுக்கோ ஒன்றைக் காட்டிவிட்டு வரலாம், அவ்வளவுதான்.

இந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜமைக்காவில் ஒரு சான்று இருக்கிறது. 1986-87இல் தலைநகர் கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளை சாலி கிரந்தம்-மெக்ரெகர் என்ற மருத்துவரின் குழு ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. 9 மாதம் முதல் 2 வயது வரையிலான குழந்தைகள் அவர்கள். ஒரு பிரிவினரின் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம், 2 ஆண்டுகள், சமூக சுகாதார உதவியாளர்கள் போனார்கள். பெரிய படிப்பு படித்தவர்கள் அல்ல. காலி பாட்டில், அட்டை, துணி ஆகியவற்றில் செய்த விளையாட்டுப் பொருள்களைக் கொண்டுபோய், தாயும் பிள்ளையும் சேர்ந்து விளையாடப் பழக்கினார்கள். இன்னொரு பிரிவுக்கு வாராவாரம் பால் சார்ந்த சத்துணவு மட்டும் தரப்பட்டது. ஒரு பிரிவுக்கு இரண்டும் கிடைத்தன, ஒரு பிரிவுக்கு இரண்டும் இல்லை. ஏறக்குறைய 20 ஆண்டுகள் கழித்து அதே பிள்ளைகளைத் தேடிப்பிடித்துப் பார்த்தபோது, விளையாட்டுப் பழக்கம் கிடைத்தவர்களின் வருமானம் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. முடிவுகள் 2014இல் வெளிவந்தன. சத்துணவு மட்டும் பெற்றவர்களிடம் அப்படி நீடித்த பலன் தெரியவில்லை. சோற்றோடு சேர்த்து யாராவது விளையாடவும் வேண்டியிருந்தது.

அதே முறையை ஒடிசாவின் கிராமங்களுக்கு ஏற்ப மாற்றிச் செய்து பார்த்த ஆய்வு 2020இல் வெளியானது. தனித்தனி வீடாகப் போனாலும், தாய்மார்களை ஓரிடத்தில் கூட்டி நடத்தினாலும் குழந்தைகளுக்குக் கிடைத்த நன்மை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. கூட்டி நடத்துவதற்குச் செலவு குறைவு.

பொருள்களுக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. கவிழ்த்து அடுக்க டம்ளர், தட்டி ஓசை கேட்கக் கொட்டாங்குச்சியும் கரண்டியும், ஒளித்து விளையாட ஒரு துண்டு. எட்டு, ஒன்பது மாதக் குழந்தையின் எதிரிலேயே கிண்ணத்தைத் துண்டால் மூடினால் அது துண்டை இழுத்துப் பார்க்கும். சில மாதங்களுக்கு முன்பு மூடியதுமே மறந்துபோயிருக்கும். கண்ணுக்குத் தெரியாத பொருளும் இருக்கத்தான் செய்கிறது என்று அது கண்டுபிடித்துவிட்டது. இதைத் தாயிடம் எடுத்துச் சொன்னால், அன்று மாலையே அப்பாவுக்கு முன்னால் அந்த வித்தை அரங்கேறும்.

எதைக் கொடுக்கக் கூடாது என்பதையும் பணியாளர் சொல்லியாக வேண்டும். புளியங்கொட்டை, சோழி, வேர்க்கடலை, பட்டாணி எதுவும் சின்னப் பிள்ளையின் கைக்கு எட்டக் கூடாது. பழைய ரிமோட்டில் இருக்கும் வட்ட பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாய் சில மணி நேரத்தில் வெந்துவிடும். தண்ணீர் வாளியைத் திறந்து வைக்கவே கூடாது.

அடுத்தது பேச்சு. "பிள்ளைகிட்ட நிறையப் பேசுங்க" என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரைதான். ஆனால் நிறையப் பேசும் வீடுகளிலும் ஒரு சிக்கல் உண்டு. "இது என்ன? சொல்லு. இது என்ன கலர்? சொல்லு." இரண்டு வயதுக் குழந்தைக்கு நாள் முழுக்க வாய்மொழித் தேர்வு. மூன்றாவது கேள்வியில் பிள்ளை எழுந்து போய்விடும். அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளிடம் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, மூளையின் மொழிப் பகுதியின் இயக்கத்தோடு கூடுதலாக ஒத்துப்போனது எதுவென்று பார்த்தது. பெரியவர்கள் உதிர்த்த சொற்களின் எண்ணிக்கையைக் காட்டிலும், பேச்சு இருவருக்கும் இடையே எத்தனை முறை போய்வந்தது என்பதே முக்கியமாக இருந்தது.

கதை சொல்லும் பாட்டிகளுக்கு இது புதிதல்ல. கேட்கிற பிள்ளை 'ம்' கொட்டாவிட்டால் அவர்கள் கதையை நிறுத்திவிடுவார்கள். இன்னும் பேச்சு வராத குழந்தையும் 'ம்' கொட்டுகிறது, விரல் நீட்டுகிறது, காலை உதைக்கிறது, திரும்பிப் பார்க்கிறது. அந்த 'ம்' வருவதற்கு நேரம் பிடிக்கும். ஆகவே பணியாளர் தரும் பயிற்சி இதுதான்: ஒன்று சொல்லிவிட்டு, மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். முருங்கைக்கீரை ஆயும்போது குழந்தை ஒரு காம்பைத் தூக்கி "ஊ" என்கிறது. "ஆமா, குச்சி. நீளமான குச்சி." பிறகு சும்மா இருக்க வேண்டும். குழந்தை இன்னொன்றை எடுத்து நீட்டும்வரை சும்மா இருக்க வேண்டும். வேலைக்குப் போய்வந்து அடுப்பைப் பற்றவைக்கும் பெண்ணிடம் இதற்கென்று தனி நேரம் ஒதுக்கச் சொல்வது நியாயமில்லை. கீரை எப்படியும் ஆய வேண்டும். குளிப்பாட்டத்தான் வேண்டும். அந்த நேரமே போதும்.

பிள்ளையின் வளர்ச்சியைப் படிப்படியாகப் பார்க்கும் பழக்கம் தமிழுக்குப் பழையது. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் முதல், அந்த இலக்கியமே பருவங்களாகத்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. கைகளை ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுவது செங்கீரை. கை கொட்டுவது சப்பாணி. தளர்நடையிட்டு வருவது வருகை. பாட்டில் இந்த வரிசை மாறாது. வீட்டுக் குழந்தைகள் அப்படி வரிசையில் நிற்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்பட 5 நாடுகளில் பார்த்து 2006இல் வெளியிட்ட கணக்குப்படி, பிடிமானம் இல்லாமல் நடக்கத் தொடங்குவது 8 மாதத்திலும் நிகழலாம், 17 மாதம் கடந்தும் நிகழலாம். நூற்றில் நான்கைந்து குழந்தைகள் கை, முட்டி ஊன்றித் தவழ்வதே இல்லை. "பக்கத்து வீட்டுப் பாப்பா ஓடுது, இவ இன்னும் நிக்கல" என்று கலங்கும் தாய்க்கு இந்த எண்கள் மாத்திரையைவிட உதவும். அந்தக் கலக்கத்தில்தான் உட்காரவைக்கும் வாக்கரை வாங்குகிறார்கள். அதனால் நடை சீக்கிரம் வருவதில்லை, விபத்து உண்டு. கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது. பழைய மர நடைவண்டி வேறு. அதைத் தள்ளும் பிள்ளை தன் காலில் தானே நிற்கிறது, ஆள் மட்டும் கூடவே இருக்க வேண்டும்.

செல்போன் பேச்சை எடுத்தால் வீட்டில் முகம் மாறும். 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 வயது முதல் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னதை ஒப்பிப்பது சுலபம். போனைக் காட்டாவிட்டால் சோறு இறங்காது என்கிற வீட்டில் அதற்கு மரியாதை கிடையாது. தட்டில் நாலு இட்லித் துண்டைப் போட்டுத் தரையில் வைத்து, பிள்ளை தானே எடுத்துச் சிந்தித் தின்னட்டும் என்று ஒரு வேளைக்கு மட்டும் பணியாளர் கேட்டுப் பார்ப்பார். சில வீடுகளில் நடக்கும். சில வீடுகளில் அடுத்த முறையும் போன்தான் இருக்கும்.

பொறுத்திருக்கச் சொல்லிக் கொடுக்கும் இதே பணியாளர், பொறுக்கக் கூடாத இடங்களையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத குழந்தை, நேற்றுவரை செய்ததை இன்று விட்டுவிட்ட குழந்தை, இவர்களுக்கு டப்பாவும் டம்ளரும் போதாது, மருத்துவர் பார்க்க வேண்டும். அப்போது திண்ணையிலிருந்து பாட்டியின் குரல் வரும்: "இவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்." அதை மறுத்தால் அந்த வீட்டின் கதவு அடுத்த முறை திறக்காது. "அப்பா மாதிரியே இவனும் பேசிட்டா நல்லதுதான் பாட்டி. காதை மட்டும் ஒரு தடவை பாத்துட்டு வந்துருவோமா?" என்று கேட்டு, பெரியாஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை போவது, அன்றைக்கு வேலைக்கு யார் லீவு போடுவது, எந்த பஸ் என்பதையெல்லாம் பேசி முடித்துவிட்டுத்தான் அவர் அங்கிருந்து கிளம்புவார்.