நோட்டில் ஏறாத கணக்கு

2012-ல் திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் நானும் என் நண்பனும் கூட்டாக ஒரு ஜாப் ஒர்க் யூனிட் போட்டோம். ஓவர்லாக் தையல் எந்திரம் 4, பேட்லாக் 2. பணம் என்னுடையது, 4 லட்சம். அவன் 11 வருஷம் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவன். துணியை விரலால் நெருடிப் பார்த்தே எத்தனை ஜிஎஸ்எம் என்று சொல்லிவிடுவான்.

“லாபத்துல பாதிப் பாதி. நமக்குள்ள எதுக்கு மாப்ள பத்திரம்?” என்றேன். அதைப் பெருந்தன்மை என்றே நம்பினேன்.

192 பக்க நோட்டில் பிள்ளையார் சுழி போட்டு என் முதலை எழுதினேன். அவன் பெயருக்கு நேரே எழுத ஒன்றுமில்லை, கோடு போட்டேன்.

காலை 8 மணிக்கு அவன்தான் ஷட்டரைத் தூக்குவான். ஷிப்மென்ட் நேரத்தில் இரவு ஒரு மணியாகும். நான் ஆபீஸ் முடிந்து சாயங்காலம் போய்க் கணக்குப் பார்ப்பேன். சனிக்கிழமை டெய்லர்களுக்குச் சம்பளம், பிறகு நூல், கரண்ட் பில். பாதியாகப் பிரிக்க எதுவும் மிஞ்சியதில்லை.

எட்டாம் மாதம் நோட்டில் அவன் கையெழுத்தில், பென்சிலில் ஒரு வரி இருந்தது: ‘பாப்பா பீஸ் 6,000.’

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?” என்று கேட்டுவிட்டேன். அவன் பதில் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை 6,000 கல்லாவில் இருந்தது. பென்சில் வரியை அழித்திருந்தான். அதற்குப் பிறகு என்னை ‘மாப்ள’ என்று கூப்பிடவே இல்லை.

பதினாலாம் மாதம் மூடினோம். எங்களுக்கு 85,000 தர வேண்டிய ஒரு கம்பெனி இழுத்தடித்தது. ஆடிட்டரிடம் போனபோதுதான் தெரிந்தது, பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் அந்தப் பாக்கிக்காக வழக்குப் போட முடியாது என்று. 1932-ஆம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டத்தில் இன்னொன்றும் காட்டினார். வேறுவிதமாகப் பேசி வைக்காதவரை லாபம் சரிபாதி. உழைக்கும் பங்குதாரருக்குச் சம்பளம் கிடையாது. எனக்கு நெஞ்சில் குத்தியது அந்த இரண்டாவது வரிதான். பேசி வைக்கச் சட்டம் இடம் விட்டிருக்கிறது. வாயைத் திறக்க வேண்டியவன் பணம் போட்ட நான். உழைப்பை மட்டும் போட்டவன் எப்படிக் கேட்பான்?

எந்திரங்கள் 2,60,000-க்குப் போயின. முதல் என்னுடையது என்று மொத்தத்தையும் நானே எடுத்துக்கொண்டேன். வெளியில் அவனுக்கு அன்று மாதம் 15,000 கிடைத்திருக்கும். பதினாலு மாதத்துக்கு 2,10,000. நான் கோடு போட்ட இடத்தில் ஏறியிருக்க வேண்டிய தொகை அது.

போன பொங்கலுக்கு அதை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். கவரை என் பக்கமே நகர்த்தி வைத்தான். “டீ சாப்பிட்டுட்டுப் போங்க,” என்றான்.